முன்சக்கரத்துக்கு வண்டி மை

மீனைத் தின்னப் பிடிக்கும், மோந்து பார்க்கப் பிடிக்காது என்கிற ஆளை நம்பி யாரும் மீன் தொழிலில் இறங்கக் கூடாது. என் மைத்துனன் இறங்கினான். அந்த ஆள் நான்.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவனுடைய பட்டாளம் விட்டுப்போன வண்டிகள் ஏலத்தில் கை மாறிக் கை மாறி, ஊரெல்லாம் வேண்டாம் என்று தள்ளிய பிறகு, எங்கள் ராமநாதபுரம் சீமைக்கு வந்து சேரும். அப்படி வந்த ஒரு பிக்கப் வண்டியை மைத்துனன் வாங்கினான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. கதவு என்று சொல்லிக்கொள்ள ஒரு கித்தான் துணி. வாங்குவதற்காக அவன் தன் பங்குக்கு வந்த உழவு காளை ஜோடியை விற்றான். 'வாங்கு, இனிமேல் காலம் மோட்டாருக்குத்தான்' என்று சொன்னவன் நான். நிறையப் படிக்கிறவர்கள் அடுத்தவனுடைய மாட்டை விற்கச் சொல்வதில் மிகுந்த தைரியசாலிகள்.

மாமனார் பரமக்குடிக்குத் தெற்கே கரிசல்காட்டு விவசாயி. அந்த மாடுகள் விலைபோன நாளிலிருந்து அவர் மகனைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரத்தத்த வித்துத் தகரத்த வாங்கியிருக்கான்." தகரம் ஓடும்வரை பொறுப்பதாகவும், ஒருநாள் நின்றால் மறுநாள் மகன் ஏர் பிடிக்க வந்துவிட வேண்டும் என்றும் நாலு பேர் முன்னிலையில் பேச்சு. மைத்துனனும் தலையாட்டிவிட்டான். மாமனார் சொன்ன சொல் மாறமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

தினப்படி இப்படி: வண்டி இரவில் ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். விடிந்ததும் மண்டபத்துக்குப் போகும். அங்கே ஒரு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை, ஆகவே நானும் ஓசியில் ஏறிக்கொள்வேன். மண்டபத்தில் மீன் கூடை ஏற்றிக்கொண்டு மைத்துனன் பரமக்குடி சந்தைக்குப் போவான். சாயங்காலம் வெறுங்கூடைகளோடு திரும்பி வந்து, கூடைகளை இறக்கிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு.

அந்தச் சாயங்காலப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் போய்விடும்; மீன் தண்ணீர் போகாது. பெட்டியின் பலகை இடுக்குகளில் தங்கி, நாற்பது மைல் வெயிலில் புளித்து, ஒரு கொழகொழப்பு ஆகியிருக்கும். அதில் ஈ மொய்க்காது. ஈக்கும் ஒரு மானம் உண்டு. வாங்கிய புதிதில் ஒருநாள் நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மைத்துனனிடம் தீர்மானமாகச் சொன்னேன்: "மாப்ள, கழுவாத வண்டியில நான் ஏறமாட்டேன். இவ்வளவு பெரிய கடல் கெடக்கு. கொண்டுபோய்க் கழுவு."

அவன் கழுவினான். அன்றிலிருந்து தினமும் கழுவினான். எப்படிக் கழுவினான் என்று நான் கேட்கவில்லை. நாற்றம் பாதியானது, எனக்கு அது போதும்.

மூன்று மாதத்தில் சத்தம் தொடங்கியது.

பிரேக்கை மிதித்தால் முன்சக்கரங்கள் இரண்டும் அலறும். முதலில் சாக்கட்டியால் கரும்பலகையில் கீறுவது போல இருந்தது. பிறகு கோழியை அமுக்கிப் பிடித்தது போல. அதன்பின் உவமை சொல்லும் நிலையில் யாரும் இல்லை. உச்சிப்புளியில் நாங்கள் வேகம் குறைத்தால் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்துவார்கள். மண்டபம் கரையில் ரோட்டை அடைத்துக்கொண்டு மீன் தரம் பிரிக்கும் பெண்கள், அரை பர்லாங்கு தூரத்தில் அலறல் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையை இழுத்து வழி விடுவார்கள். ஹாரன் என்ற ஒன்றை மைத்துனன் மறந்தே போனான்.

இந்த நிலையில் எப்.சி. வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்கும் அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். பேரிலேயே பிரேக் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மைத்துனன் கரிசல்காட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நான் சிகிச்சையில் இறங்கினேன். வண்டியோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. பட்டாளத்து மெக்கானிக்குகளுக்காக அச்சிட்டது. பாதியை ராமபாணப் பூச்சி படித்து முடித்திருந்தது. மீதியை நான் படித்தேன். முன்பிரேக் சத்தத்துக்குக் காரணங்கள் வரிசையாக இருந்தன. வாசலில் நாற்காலி போட்டு, காற்று எதிர்த்திசையில் அடிக்கும்படி உட்கார்ந்து, நான் வாசிக்க மைத்துனன் செய்வான். சக்கரத்து நட்டுகளை முறுக்கினான். டிரம்மைக் கழற்றாமலே தூசியை ஊதினான். பிரேக் ஆயிலைப் பார்த்தான். சத்தம் அப்படியே இருந்தது.

"மச்சான், பின்னால கத்தலயே, முன்னால மட்டும் ஏன் கத்துது?" என்றான். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியில்தான் பதில் இருந்தது. நான், "நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்னாலதான் சாயும். அது பௌதிகம்" என்றேன். குனிந்து சக்கரத்தைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆனால் குனிந்தால் தலைக்கு மேலே பெட்டி, பெட்டியிலிருந்து சொட்டும். பௌதிகம் சொட்டாது.

புதன்கிழமை சாயங்காலம் மாமனார் வந்து இறங்கினார். மகன் தேறுவானா மாட்டானா என்று பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை. "ஒரு ஜோடி காளை பாத்து வச்சிருக்கேன். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்றேன்னு பேச்சு" என்று மட்டும் பிறகு சொன்னார். அவர் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வண்டி போய் நின்றது. அவர் செம்பைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏலே, என்னலே இது? ஈனப்போற எரும மாதிரி கத்துது!"

"பிரேக்குய்யா."

"எப்பருந்து?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமாக் கத்துது, மை போடத் தெரியல. வாயில்லா சீவனவிட மோசமா வச்சிருக்கியேலே. மாடுன்னா செத்துருக்கும்."

தன் மாட்டு வண்டியில் எப்போதும் தொங்கும் மூங்கில் குழாயை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஏன் என்று கேட்காதீர்கள். சிலர் வெளியூர் போனால் வெற்றிலைப் பை எடுத்துப் போவார்கள். குழாய்க்குள் வண்டி மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தது. அச்சில் அதைத் தடவினால் எந்தச் சக்கரமும் வாயை மூடும்.

எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் பூச்சி தின்னாத ஒரு வரி உண்டு: டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் லைனிங்கில் எண்ணெய்ப்பசை படவே கூடாது. அதைச் சொன்னேன். ஒரே ஒருமுறை, பிறர் காதில் விழுந்துவிடாத குரலில்.

மாமனார் காதில் விழுந்தது. "அந்தப் புஸ்தகம் எழுதுனவன் எத்தன ஜோடி மாடு வச்சிருந்தான் மருமவனே?"

அதற்குப் புத்தகத்தில் விவரம் இல்லை.

மைத்துனனைத் தனியே இழுத்து, "வேணாம் மாப்ள" என்றேன். அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மச்சான், வாங்குன நாள்லருந்து அய்யா இந்த வண்டியத் தொட்டதில்ல. இன்னைக்கித் தானா வந்து ஒண்ணு செய்யிறாரு. வேணாம்னு எப்பிடிச் சொல்ல?" என்றான்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, டிரம்மையும் இழுத்தான். மாமனார் குந்தி உட்கார்ந்து, விரலால் வழித்து வழித்து, பிரேக் ஷூ, லைனிங், ஸ்பிரிங், எதையும் விட்டுவிடாமல் கறுப்பாகப் பூசினார். பின்சக்கரத்துப் பக்கம் போகவில்லை. வண்டிக்கு இரண்டு சக்கரம்தானே.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. மாமனார் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு வட்டில் சோறு தின்றார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் காது கிழிந்த பிறகு மனிதனுக்குக் காரணகாரியம் வேண்டாம், அமைதி போதும்.

வியாழக்கிழமை காலை மண்டபத்துக்கு அவ்வளவு அமைதியாகப் போனோம். வழியெல்லாம் கடல் காற்று. பிரேக் கொஞ்சம் வழுக்குகிறது என்று மைத்துனன் சொன்னான். புது மை, பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். புதுச் செருப்பு கடித்தால் சொல்கிற ஆறுதல்.

கரைக்கு இறங்கும் சரிவில் வழக்கம்போலப் பெண்கள் ரோட்டில் குந்தியிருந்தார்கள். மைத்துனன் பிரேக்கை மிதித்தான். வண்டி யோசித்தது. பின்சக்கரங்கள் மட்டும் ஏதோ முயற்சி செய்து மண்ணைக் கீறின. முன்சக்கரங்கள் விளக்கெண்ணெய் குடித்த சுகத்தில் உருண்டுகொண்டே இருந்தன. அலறல் இல்லை, ஆகவே ஒருத்தியும் கூடையை இழுக்கவில்லை. ஹாரன் எங்கே இருக்கிறது என்று மைத்துனன் தேடினான். தேடும் நேரத்தில் வண்டி அவர்களை நெருங்கிவிட்டது. அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

ரோட்டோரத்தில் ஒரு குவியல் இருந்தது. மீன் குடலும் செதிலும், விலைபோகாமல் அழுகிய சாளை மீனும். தென்னைக்கு எருவாகப் போவதற்காக நாள்கணக்கில் காத்திருந்தது. வண்டி அதில் மூக்கை நுழைத்து நின்றது. நான் நிற்கவில்லை. கதவுக் கித்தானைக் கிழித்துக்கொண்டு வெளியே போய், குவியலில் இடுப்புவரை இறங்கினேன்.

மேலே கொஞ்சம் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. உடைந்ததும் உள்ளே வெதுவெதுப்பு. இவ்வளவு போதும்.

யாருக்கும் அடி இல்லை. அதனால் திட்டுவதற்கு எல்லாருக்கும் தெம்பு இருந்தது. முன்னால் இருந்த கிழவி கையில் கத்தியோடு எழுந்தாள்.

"ஏய் யப்பா! சொல்லாமக் கொள்ளாமவா வாரீக? தெனமும் ஊளையிட்டுக்கிட்டுத்தான வரும்! இன்னைக்கி என்ன, அதுக்கு நாக்கு விழுந்துபோச்சா?"

"பிரேக்கு பிடிக்கல ஆத்தா" என்றான் மைத்துனன்.

"பிடிக்கலன்னா கத்தியாவது தொலைக்க வேண்டியதுதான? கத்துனா நாங்க ஒதுங்கிக்கிருவோம்ல!"

அவள் பக்கத்தில் இருந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "ஏ, இங்கன பாருங்கடி! மூக்குல துணி கட்டிக்கிட்டுப் போவாகளே, அந்தச் சாரு! அய்யய்யோ சாமி, துணி கழுத்துக்கு வந்துருச்சே, எடுத்துக் கட்டிக்கங்க!"

கரை முழுக்கச் சிரித்தது. என்னைக் கடலில் விட்டுக் கழுவினார்கள். அன்று வேலைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

ஹேண்ட் பிரேக்கை நம்பி, மாட்டு வண்டி வேகத்தில் ராமநாதபுரம் திரும்பினோம். செய்தி அறிந்த மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மறுநாள் வெள்ளி. காளைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய், பட்டாளத்தில் இதே ரக வண்டிகளைப் பிரித்து மாட்டியவர். அதிகம் பேசமாட்டார். முன் டிரம்மைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். குனிந்து மோந்தார். நிமிர்ந்து எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வெளக்கெண்ண. வண்டிக்கா பேதி குடுத்தீங்க?"

மாமனார் கம்பீரமாக, "நான்தான் மை போட்டேன். கத்துச்சு" என்றார்.

"இப்பக் கத்தாது பெரியவரே. நிக்கவும் செய்யாது." பாய் என்னிடம் திரும்பினார். "சார், சுத்தமான துணி ஏதாச்சும் இருக்கா?"

எங்கள் மூவரிடமும் சுத்தமாக இருந்தது ஒன்றுதான்: வீட்டில் மாற்றி எடுத்துக்கொண்ட புதுக் கைக்குட்டை. கொடுத்தேன். அதைப் பெட்ரோலில் நனைத்து டிரம்மின் உட்புறத்தை வழித்தார். கறுப்பு போனதும் செம்பழுப்பாகத் துரு தெரிந்தது. துருவுக்கு நடுவே வட்டவட்டமாக ஆழமான கீறல்கள். ஷூவின் மூலைகளில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் துப்பிவிட்டு, "உப்பு" என்றார். லைனிங்கில் நகத்தை ஓட்டினார், மணல் உதிர்ந்தது.

பிறகு யாரும் கேட்காமலே பின்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"பின்னால ஒரு குத்தமும் இல்ல. முன்னால மட்டும் அரைக் கடல் இருக்கு. வண்டிய எங்க கழுவுறீங்க தம்பி?"

மைத்துனன் பெருமையாகவே சொன்னான். "பெண்கடல்லதான் பாய்." மண்டபத்துக்கு வடக்கே அலையடிக்காமல் கிடக்கும் கடலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "பரமக்குடியிலருந்து வந்த சூட்டோட, மூஞ்சிய உள்ள விட்டு, அச்சு முங்குற மட்டும் எறக்கி நிப்பாட்டிருவேன். கொஞ்ச நேரம் ஊறும். பெறகு பின்பக்கத்த வாளியால எறைச்சு ஊத்திருவேன்."

"ஊறணுமா? ஏன்?"

இதற்கு மாமனார் பதில் சொன்னார், இதுகூடவா தெரியாது என்ற குரலில். "சக்கரம் ஊறுனாத்தானய்யா மரம் உப்பும், இரும்புப் பட்டா இறுகும்? எங்கூர்ல வாரத்துக்கு ஒருக்கா ஊருணியில எறக்கிருவோம்."

பாய் சக்கரத்தை விரலால் தட்டினார். அது இரும்பு என்ற செய்தியை அது தானே சொல்லிக்கொள்ளட்டும் என்பது போல. "சரி, எறக்குனதுதான் எறக்குனீங்க. பின்பக்கமா எறக்கக் கூடாதா? பெட்டிதான நாறுது?"

அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். "மாட்ட யாருங்க பின்பக்கமா நடத்தித் தண்ணிக்கு எறக்குவாக?" என்றான் மைத்துனன்.

"அதான?" என்றார் மாமனார். அந்த வண்டி வாங்கியதிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பாய் தலையைச் சொறிந்தார். "கொதிக்கிற டிரம்மு. உப்புத்தண்ணி. மணலு. கத்தாம என்ன செய்யும்? கடல்ல எறக்கச் சொல்லி எந்த மகராசன் சொன்னான்?"

மைத்துனன் தரையைப் பார்த்தான். மாமனார் மகனைப் பார்த்தார். பிறகு மகன் யாரைப் பார்க்காமல் இருக்கிறான் என்று பார்த்தார். அந்தக் கிழவருக்குப் புத்தகம் தேவையில்லை.

"நான்தான்" என்றேன்.

எவ்வளவு படித்தும், சத்தத்துக்குக் காரணங்கள் வரிசையில் 'பக்கத்தில் உட்காருபவரின் மூக்கு' என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எருக்குவியலில் விழுந்தபோதுகூட என்னைக் கண்டு எனக்கு அவ்வளவு அருவருப்பு வரவில்லை.

பாய் அதற்குமேல் விசாரிக்கவில்லை, வேலையில் இறங்கினார். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவி ஆகாது என்று ரிவிட்டை அடித்து எடுத்துத் தூரப் போட்டார். புது லைனிங்கைச் செம்பு ரிவிட் வைத்து அறைந்தார். ரிவிட் தலை லைனிங்குக்குள் நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தலை வெளியே நின்றால் அதுவும் டிரம்மைக் கீறுமாம். லைனிங்கின் இரண்டு முனைகளையும் அரத்தால் சரிவாகத் தேய்த்தார். கூர் முனை இருந்தால் அதுவும் கீச்சிடும். டிரம்மை லேத்தில் ஏற்றி, கீறல் மறையும்வரை மெல்லிசாக ஒரு சீவு சீவினார். துருப்பிடித்த ஸ்பிரிங்குகளை மாற்றினார். எல்லாவற்றையும் மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, உரசும்வரை இறுக்கி, உரசல் நிற்கும்வரை தளர்த்தினார். அதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது.

மாமனார் பக்கத்திலேயே குந்தியிருந்தார். நடுவில் ஒருமுறை, "அப்ப மையே கூடாதா?" என்று கேட்டார். கேட்டவிதம் ஒரு மாதிரி இருந்தது.

பாய் சக்கரத்துக் குடத்திலிருந்து பேரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது ஓடுற எடம். இங்கன போடுங்க, எம்புட்டு வேணா போடுங்க. அது நிக்கிற எடம். அங்கன போட்டா எப்பிடி நிக்கும்?"

"நிக்கிறதுக்கு எதுக்குய்யா வண்டி?" என்றார் மாமனார். ஆனாலும் கிரீஸ் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு, நாலு பேரிங்குக்கும் அவரே வழித்துத் திணித்தார். பாய் கடைசியில் வாங்கிப் பார்த்து, "கைவேல சுத்தம்" என்றார். மாமனார் காது கேளாதவர் போல இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் காட்டினோம். கழுவவில்லை. கடல் கூடாது, நல்ல தண்ணீரோ ராமநாதபுரத்தில் மனிதனுக்கே குடம் கணக்கு. வெயிலில் வரிசையில் நின்ற எங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பத்தடி தூரத்திலேயே நின்று மூக்கைப் பிடித்தார். வழக்கமாக அவர் உள்ளே ஏறி உட்கார்ந்துதான் ஓட்டச் சொல்வார். அன்று கையசைத்தே சொன்னார்: போ, வேகமாக வா, இங்கே நிறுத்து.

மைத்துனன் போனான், வேகமாக வந்தான். மாமனார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நகம் பதியும்படி. இன்ஸ்பெக்டர் கையை இறக்கினார். வண்டி நின்றது. முன்னால் கொஞ்சம் தலைவணங்கி, வாய் திறக்காமல் நின்றது.

தாளை ஜீப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் கேட்டார்: "ஏன்யா, மனுசன் கிட்ட வர முடியல. இதக் கழுவவே மாட்டீங்களா?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். மாமனாரும் பார்த்தார்.

"கழுவினா பிரேக் போயிரும் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார்.

திரும்பும்போது மாமனார் யாரிடமும் கேட்காமல் முன்சீட்டில், என் இடத்தில், ஏறி உட்கார்ந்தார். "பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுலே. காளைக்காரன்கிட்டப் போயி வேணாம்னு சொல்லணும்" என்றார். நான் பின்னால் பெட்டியில் ஏறினேன். பலகை கொழகொழவென்றிருந்தது. பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். கைக்குட்டை இல்லை. அது பாய் கடையில் எங்கோ கறுப்பாகக் கிடந்திருக்கும்.